மின்பொறியியல் முதற் பாடநெறி: மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு என எந்தப் பல்கலைக்கழகம் கிடைத்தாலும் ஆரம்பத்தில் எல்லாப் பொறியியல் மாணவருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு. மின்பொறியியல் அடிப்படை அவற்றில் ஒன்று. பாலம் கட்டப் போகிறவரும், இயந்திரம் வடிவமைக்கப் போகிறவரும் அதைப் படித்தே ஆக வேண்டும். திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்து, பொல்கொல்லையில் உள்ள கண்டிப் பிராந்திய நிலையத்தை நம்பிப் படிக்கிறவர்களுக்கும் இதே பாடம்தான்.

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதப் பிரிவு உள்ளவை குறைவு. அதில் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் டியூசன் வகுப்பையும், கடந்தகால வினாத்தாளையும், அதற்கான புள்ளியிடும் திட்டத்தையும் வைத்தே உயர்தரம் எடுத்திருப்பார்கள். கணக்கைப் போடுவது, விடையைப் புரட்டிப் பார்ப்பது, பிழையென்றால் திருத்துவது: இந்தப் பழக்கம் உயர்தரம் வரைக்கும் கைகொடுக்கும். பல்கலைக்கழகத்தில் பயிற்சித்தாளுக்கு விடை தராமல் விடும் விரிவுரையாளர்கள் நிறைய. வேலைத்தளத்தில் விடைத்தாள் என்று ஒன்றே கிடையாது. ஆகவே இந்தப் பாடநெறியில் முதலில் பழக வேண்டியது, போட்ட கணக்கு சரியா என்று புறத்தே யாரையும் கேட்காமல் கண்டுபிடிப்பது. கீழே சொல்வதெல்லாம் அதைச் சுற்றியே வரும்.

வகுப்பு தொடங்குமுன்

தெரிவுக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் இருக்கும். புதிதாக எதையும் ஓடிப் படிக்க வேண்டாம். பௌதிகவியலில் ஓட்ட மின்னியல் அலகை மட்டும் மீண்டும் எடுங்கள்: ஓமின் விதி, கேர்ச்சோவின் இரு விதிகள், மின்கலத்தின் உட்தடை, அழுத்தமானி. இணைந்த கணிதத்தில் மூன்று மாறிகள் வரையான ஒருங்கமை சமன்பாடுகள், திரிகோண கணிதம், சிக்கலெண்கள், அடுக்குக்குறிச் சார்பின் வகையீடு. இவ்வளவும் கைப்பழக்கமாக இருந்தால் போதும். சிக்கலெண்ணை உயர்தரத்தோடு மறந்துவிடுகிறவர்கள் ஆடலோட்டப் பகுதி வந்ததும் திணறுவார்கள். கூட்டல் வடிவத்திலிருந்து மட்டும் கோணமும் கொண்ட வடிவத்துக்கும், அங்கிருந்து மறுபடி கூட்டல் வடிவத்துக்கும் மாற்றுவதைக் கணிப்பானில் பத்து விநாடிக்குள் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். எந்த மாதிரிக் கணிப்பானைப் பரீட்சைக்கு அனுமதிப்பார்கள் என்று பீடத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. நிரல் எழுதக்கூடியவற்றைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் உயர்தரம் எடுத்தவருக்கு முதல் மாதம் காதில் விழுவதெல்லாம் வேகமாகப் போகும். தடையி, கொள்ளளவி, கணு, வலு, உட்தடை, அழுத்த வித்தியாசம் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த எண்பது, நூறு சொற்களுக்கு ஆங்கிலச் சொல்லை ஒரு சிறு கொப்பியில் எழுதி, பக்கத்திலேயே அதன் குறியீட்டையும் அலகையும் வரைந்து வையுங்கள். பொருள் புரிந்த விடயத்துக்கு இன்னொரு பெயர் கற்பது எளிது. பொருளும் பெயரும் ஒன்றாகப் புதிதாக வந்தால்தான் பாரம். வினாவை ஆங்கிலத்தில் வாசித்து, சுற்றை வரைந்து, தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் எழுதினால் யாரும் புள்ளி குறைக்கப் போவதில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 6.002 என்ற இலக்கமுள்ள தன் சுற்றுகள் பாடநெறியின் காணொளிகளையும் பயிற்சிகளையும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்றால், ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகிற நாளில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. கணுமுறை, தெவெனின், கொள்ளளவி ஆகிய மூன்று பகுதிகள் போதும்.

வாங்க வேண்டிய சாமான்கள்

ஆய்வுகூடத்தில் எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே நான்கைந்து பேர் ஒரு மேசையில் நிற்பார்கள், ஒருவர் மட்டும் வயர் செருகுவார். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டுமானால் வீட்டில் கை பழகியிருக்க வேண்டும். தேவையானது இவ்வளவே: 830 துளைகள் உள்ள பிரெட்போர்ட் (பாகங்களைப் பற்றவைக்காமல் செருகும் பலகை) ஒன்று, அதற்கான இணைப்பு வயர்கள், ஒரு டிஜிட்டல் பல்மானி (மல்டிமீற்றர்), 9 வோல்ட் சதுர பற்றரி இரண்டு, அதன் கிளிப். கால் வாட் தடையிகளில் 330 ஓம், 1 கிலோஓம், 2.2 கிலோஓம், 4.7 கிலோஓம், 10 கிலோஓம், 100 கிலோஓம், 1 மெகாஓம் ஒவ்வொன்றிலும் பத்து. 1000 மைக்ரோபரட், 16 வோல்ட் கொள்ளளவி இரண்டு. சிவப்பு எல்.ஈ.டி. ஐந்து. கண்டி நகரக் கடைகளிலோ கொழும்பு புறக்கோட்டையிலோ எல்லாம் கிடைக்கும். பல்மானியில் மட்டும் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டாம். மின்னோட்டப் பக்கத்தில் மாற்றக்கூடிய பியூஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தடையியின் நிறவளையம்: கறுப்பு 0, கபிலம் 1, சிவப்பு 2, செம்மஞ்சள் 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளையத்தில் முதலிரண்டும் இலக்கங்கள், மூன்றாவது பின்னால் வரும் பூச்சியங்களின் எண்ணிக்கை, நான்காவது சகிப்பு. தங்க நிறம் என்றால் 5 சதவீதம். கபிலம், கறுப்பு, செம்மஞ்சள், தங்கம் என்றால் 10,000 ஓம். மங்கிய பல்ப் வெளிச்சத்தில் சிவப்பும் செம்மஞ்சளும் கபிலமும் ஒன்றுபோலவே தெரியும். செருகுமுன் ஒவ்வொன்றையும் பல்மானியில் அளப்பதே பத்திரம்.

கால் வாட் என்பதையும் மறக்கக்கூடாது. 9 வோல்ட்டுக்குக் குறுக்கே 100 ஓம் போட்டால் 0.81 வாட். கை சுடும், கொஞ்ச நேரத்தில் வாசனையும் வரும். 330 ஓமில் 0.245 வாட், மட்டுமட்டாகத் தாங்கும். அதற்குக் கீழே போவதென்றால் முதலில் வலுவைக் கணக்கிடுங்கள்.

வீட்டுப் பயிற்சி முழுவதும் பற்றரியில்தான். சுவர்ப் பிளக்கில் எதையும் செருகிப் பரிசோதிக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230 வோல்ட்டில் அது 230 மில்லிஅம்பியர். உயிரெடுக்க அதில் ஒரு பங்கே போதும். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருந்தாலும், ஒரு கையால் உயிர்வயரையும் மறுகையால் நடுநிலை வயரையும் பிடித்தவரை அது காப்பாற்றாது. போகிற மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருவதால் அதற்கு வித்தியாசம் தெரியாது. பழைய லயன் வீடுகளில் அந்தச் சுவிட்ச்கூட இல்லாமல் இருக்கலாம்.

திசை, சமன்பாடு, வலு

பாடநெறியின் முதல் நான்கைந்து வாரம் நேரோட்டச் சுற்றுகள். இங்கே பிழைவிடுகிறவர்களில் பெரும்பாலானோர் விதி தெரியாமல் பிழைவிடுவதில்லை, கூட்டல் கழித்தல் குறியில் விடுகிறார்கள். மின்னோட்டம் உண்மையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஊகிக்கப் பார்ப்பதுதான் காரணம். ஊகிக்கத் தேவையே இல்லை. ஏதாவது ஒரு திசையை எடுத்து அம்புக்குறி போடுங்கள். போட்டபின் மாற்றாதீர்கள். விடை கழித்தலில் வந்தால் உண்மைத் திசை எதிர்ப்பக்கம், அவ்வளவுதான். நடுவழியில் அம்பைத் திருப்புகிறவர்தான் கெட்டுப்போகிறார்.

ஒரு சுற்றை முழுதாகப் பார்ப்போம். 12 வோல்ட் மின்முதல் ஒன்றிலிருந்து 2 கிலோஓம் தடையி வழியாகக் கணு (வயர்கள் சந்திக்கும் புள்ளி) அ. அந்தக் கணுவிலிருந்து தரைக்கு, அதாவது அழுத்தத்தைப் பூச்சியமாக எடுக்கும் புள்ளிக்கு, 6 கிலோஓம். அதே கணுவிலிருந்து 3 கிலோஓம் வழியாக 6 வோல்ட் மின்முதல் ஒன்று. இரண்டு முதல்களின் கழித்தல் முனையும் தரையில். முதலில் இதைத் தாளில் வரையுங்கள். வரையாமல் தொடர வேண்டாம்.

கணுவின் அழுத்தத்தை அ வோல்ட் என்று எடுப்போம். கணுவை விட்டு வெளியேறும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். தடைகளைக் கிலோஓமில் வைத்தால் மின்னோட்டம் மில்லிஅம்பியரில் வரும்:

(அ − 12)/2 + அ/6 + (அ − 6)/3 = 0

எல்லாவற்றையும் 6ஆல் பெருக்கினால் 3அ − 36 + அ + 2அ − 12 = 0. ஆகவே 6அ = 48, அ = 8 வோல்ட். மூன்று உறுப்புகளையும் ஒரே மாதிரி, 'இந்தக் கணு கழித்தல் அந்தக் கணு, கீழே இடையிலுள்ள தடை' என்று எழுதியதைக் கவனியுங்கள். வெளியேறுவது என்று ஒருமுறை முடிவெடுத்தால் எல்லா உறுப்பும் வெளியேறுவதாகவே இருக்க வேண்டும். ஒன்றை உள்ளே வருவதாகவும் மற்றதை வெளியே போவதாகவும் கலந்து எழுதுவதுதான் வழக்கமான பிழை.

பெரும்பாலானோர் இங்கே பேனாவை வைத்துவிடுவார்கள். நீங்கள் இன்னும் மூன்று நிமிடம் செலவழியுங்கள். 2 கிலோஓமில் ஓடுவது (12 − 8)/2 = 2 மில்லிஅம்பியர். 6 கிலோஓமில் 8/6 = 1.33. 3 கிலோஓமில் (8 − 6)/3 = 0.67. கணுவுக்குள் 2 வருகிறது, வெளியே 1.33உம் 0.67உம் போகிறது, சரி. ஆனால் இது அதே சமன்பாட்டைத் திருப்பிச் சொல்வது மட்டுமே. உண்மையான சோதனை வலுவில் இருக்கிறது. 12 வோல்ட் முதல் கொடுப்பது 12 × 2 = 24 மில்லிவாட். 2 கிலோஓமில் 8, 6 கிலோஓமில் 10.67, 3 கிலோஓமில் 1.33. கூட்டினால் 20தான் வருகிறது. மீதி 4 எங்கே?

6 வோல்ட் மின்முதலில். 0.67 மில்லிஅம்பியர் அதன் கூட்டல் முனைக்குள் நுழைகிறது, அதனால் அது வலுவைக் கொடுக்கவில்லை, உறிஞ்சுகிறது. 6 × 0.67 = 4 மில்லிவாட். பற்றரி சார்ஜ் ஏறும்போது நடப்பது இதுவே. மின்முதல் என்றாலே வலு கொடுக்கும் என்ற எண்ணம் இந்த இடத்தில் உடைய வேண்டும். விதி ஒன்றுதான்: கூட்டல் முனை வழியாக மின்னோட்டம் உள்ளே போனால் உறிஞ்சுகிறது, வெளியே வந்தால் கொடுக்கிறது. கொடுத்ததும் உறிஞ்சியதும் சமப்பட்டால் உங்கள் விடையைப் பெரும்பாலும் நம்பலாம். சமப்படாவிட்டால் எங்கோ பிழை. புள்ளியிடும் திட்டம் இல்லாமலே அது தெரிந்துவிட்டது.

மேலே செய்தது கணுமுறை. மூடிய தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னோட்டம் வைத்து, அதைச் சுற்றி அழுத்தச் சமன்பாடு எழுதுவது தடமுறை. எதை எடுப்பது என்று குழம்ப வேண்டாம். தரையை விட்டுவிட்டுத் தெரியாத கணுக்களை எண்ணுங்கள், பிறகு தடங்களை எண்ணுங்கள். குறைவானதை எடுங்கள். மேலேயுள்ள சுற்றில் கணு ஒன்று, தடம் இரண்டு.

தெவெனின்: மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியது

தேற்றத்தை மனப்பாடம் செய்து கணக்கைச் சரியாகப் போடுகிறவர்களுக்கும் அது எதற்கு என்று தெரியாமல் போவதுண்டு. ஒரு பெட்டிக்குள் எத்தனை முதல், எத்தனை தடையி இருந்தாலும், வெளியே வரும் இரு முனைகளைப் பொறுத்தவரை அது ஒரு முதலும் தொடரில் ஒரு தடையும் போலவே நடக்கும். உயர்தரத்தில் படித்த மின்கலமும் உட்தடையும் இதன் மிக எளிய வடிவம்.

பற்றரியின் அழுத்தத்தை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதியது 9ஐவிடக் கொஞ்சம் கூடவே காட்டும். இங்கே 9 என்றே வைப்போம். இரண்டு 10 கிலோஓம் தடையிகளைத் தொடராகப் பற்றரிக்குக் குறுக்கே இணையுங்கள். கீழ்த் தடையிக்குக் குறுக்கே அளந்தால் 4.5 வோல்ட்டுக்குக் கிட்டே வரும். தடையிகள் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பதால் 4.3 முதல் 4.7 வரை எது வந்தாலும் பிழையில்லை. இப்போது மூன்றாவது 10 கிலோஓமைக் கீழ்த் தடையிக்குச் சமாந்தரமாகச் செருகுங்கள். 'பாதிக்குப் பாதி பிரித்த அழுத்தம், 4.5தானே இருக்கும்' என்று எதிர்பார்ப்பவருக்குப் பல்மானி 3 வோல்ட் காட்டும்.

ஏன் 3? சுமை இல்லாதபோது 4.5, அதுவே தெவெனின் அழுத்தம். பற்றரியை ஒரு வயராக நினைத்து உள்ளே பார்த்தால் இரண்டு 10 கிலோஓமும் சமாந்தரம், 5 கிலோஓம், அதுவே தெவெனின் தடை. 10 கிலோஓம் சுமைக்கு 4.5 × 10/15 = 3. சுமையை எடுத்துவிட்டு, பல்மானியை மில்லிஅம்பியரில் வைத்துக் கீழ்த் தடையியைக் குறுஞ்சுற்றாக்கினால் 0.9 மில்லிஅம்பியர் காட்டும். 4.5ஐ 0.9ஆல் வகுத்தால் மறுபடி 5 கிலோஓம். இரு வழியில் வந்த விடை ஒன்றையொன்று உறுதிப்படுத்துகிறது. மேல்த் தடையி குறுக்கே நிற்பதால்தான் இந்த அளவீடு பத்திரமானது. பற்றரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே நேராக அம்பியர்மானியை வைத்தால் பியூஸ் போகும், பற்றரியும் சூடேறும்.

அடுத்து இரண்டு தடையிகளையும் 1 மெகாஓமாக மாற்றுங்கள். கணக்குப்படி 4.5. பல்மானியோ 4.29க்குக் கிட்டே காட்டும். பற்றரி இறங்கவில்லை. பெரும்பாலான டிஜிட்டல் பல்மானிகளின் உள்தடை 10 மெகாஓம். சுற்றின் தெவெனின் தடை இப்போது 500 கிலோஓம், ஆகவே 4.5 × 10/10.5. அளக்கும் கருவியே சுமையாகிவிட்டது. ஆய்வுகூட அறிக்கையில் 'மனிதப் பிழை' என்று எழுதிப் புள்ளி இழக்கிற இடங்களில் பாதி இப்படிப்பட்டவை. காரணத்தை எண்ணோடு எழுதினால் அதே இடத்தில் புள்ளி கூடும்.

இதே கணக்கு லயன் வரிசையிலும் இருக்கிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிக்கு மீற்றருக்கு 0.0121 ஓம். வரிசையின் கடைசி அறைக்கு 60 மீற்றர் இழுத்தால் போக வர 120 மீற்றர், 1.45 ஓம். 230 வோல்ட்டில் 1500 வாட் என்று அச்சிட்ட கேத்தலின் தடை 35.3 ஓம். மின்னோட்டம் 230/36.7 = 6.26 அம்பியர். கேத்தலுக்குக் கிடைப்பது 221 வோல்ட், வலு 1384 வாட். 57 வாட் கம்பியைச் சூடாக்கவே போகிறது. அதே கம்பியில் இன்னும் இரண்டு வீடு கேத்தல் போட்டால் பின்னேரம் பல்ப் மங்குவது ஏன் என்பது கணக்கிலேயே தெரியும். இது தாளில் போடும் கணக்கு. அந்தக் கம்பியில் அளக்கப் போக வேண்டாம்.

பரீட்சையில் தெவெனின் தடை காணும்போது ஒரு பொறி உண்டு. தன்னிச்சையான அழுத்த முதலை வயராகவும் மின்னோட்ட முதலைத் திறந்த சுற்றாகவும் மாற்றுவீர்கள். சார்ந்த முதல்களை, அதாவது பெறுமானம் சுற்றின் வேறோர் அழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து மாறும் முதல்களை, அப்படி மாற்றக் கூடாது. அவை சுற்றிலேயே இருக்க வேண்டும், முனைகளில் 1 வோல்ட் சோதனை முதல் வைத்து மின்னோட்டம் காண வேண்டும்.

கொள்ளளவியும் நிறுத்தற்கடிகாரமும்

10 கிலோஓமும் 1000 மைக்ரோபரட்டும் பெருக்கினால் 10 விநாடி, நேர மாறிலி. தொடராக இணைத்துப் பற்றரியைச் செருகும்போதே போனில் நேரத்தைத் தொடங்கி, கொள்ளளவிக்குக் குறுக்கே அழுத்தத்தை அளந்து பாருங்கள். 10 விநாடியில் 5.69, 20இல் 7.78, 50இல் 8.94 வோல்ட் வர வேண்டும். 20 சதவீதம் வரை தள்ளிப்போகலாம், மின்பகுப்புக் கொள்ளளவிகளின் சகிப்பு அப்படி. உருளையில் கழித்தல் குறியிட்ட பட்டை உள்ள கால் கழித்தல் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் வீங்கி வெடிக்கும். மறுபடி செய்யுமுன் 330 ஓம் தடையி வழியாக வெறுமையாக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முறை பூச்சியத்திலிருந்து தொடங்காது.

ஆடலோட்டம்

சுவரில் வருவது 50 ஹேர்ட்ஸ், 230 வோல்ட். அது இடை வர்க்கமூலப் பெறுமானம், உச்சம் 325. சிக்கலெண் இங்கே நுழைகிறது. 30 ஓம் தடையும், 50 ஹேர்ட்ஸில் 40 ஓம் காட்டும் இண்டக்டரும் (கம்பிச்சுருள்) தொடரில் 230 வோல்ட்டுக்குக் குறுக்கே இருந்தால், ஆடலோட்டத்துக்குக் காட்டும் மொத்தத் தடங்கலான இம்பீடன்ஸ் 30 + ஜே40 (ஜே என்பது −1இன் வர்க்கமூலம்), அதாவது மட்டு 50 ஓம், கோணம் 53.13 பாகை. மின்னோட்டம் 4.6 அம்பியர், அழுத்தத்துக்கு 53.13 பாகை பின்னால். தடைக்குக் குறுக்கே 138 வோல்ட், இண்டக்டருக்குக் குறுக்கே 184. கூட்டினால் 322! கேர்ச்சோவின் விதி பொய்த்துவிட்டதோ என்று நிறையப் பேர் நிற்கும் இடம் இது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை, 90 பாகை விலகி நிற்கின்றன. வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 19044 + 33856 = 52900, அதன் வர்க்கமூலம் 230. ஆடலோட்டத்தில் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம், அழுத்தங்களை நீளமும் கோணமும் உள்ள அம்புகளாகக் காட்டும் ஃபேசர் படம் ஒன்றை அளவுக்கு வரைந்து முக்கோணம் மூடுகிறதா என்று பார்ப்பது.

உண்மை வலு 4.6² × 30 = 635 வாட். அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வெறுமனே பெருக்கினால் 1058 வோல்ட்அம்பியர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வலுக்காரணி, 0.6. கணிப்பான் ரேடியனில் இருக்கிறதா பாகையில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு கணக்குக்கும் முன் பாருங்கள். அழுத்தத்தை சைன்(100 × 3.1416 × நேரம் + 30 பாகை) என்று தந்திருந்தால் முதற் பகுதி ரேடியனில், பின்னால் எழுதிய 30 பாகையில். இரண்டையும் அப்படியே கூட்டுவது ஆண்டுதோறும் நடக்கிற பிழை.

மும்முனை மின்சாரத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலையைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. கொழுந்து வாட்டும் விசிறி, உருட்டும் இயந்திரம் எல்லாம் 400 வோல்ட் மும்முனை மோட்டார்கள். 400ஐ √3ஆல் வகுத்தால் 231, நமது வீட்டு 230 அங்கிருந்துதான் வருகிறது. 15 கிலோவாட் என்று தகட்டில் எழுதிய மோட்டார், வலுக்காரணி 0.85, வினைத்திறன் 90 சதவீதம் என்றால் மின்னோட்டம் 15000/(1.732 × 400 × 0.85 × 0.9) = 28.3 அம்பியர். தகட்டில் உள்ள 15 கிலோவாட் அச்சில் கிடைக்கும் வலு. வினைத்திறனை மறந்தால் 25.5 வரும், அதை வைத்து வயரும் பியூஸும் தெரிவு செய்தால் தவறாகிவிடும்.

வலு, சக்தி, வினைத்திறன் ஆகியவற்றைப் பற்றி மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஒன்றும் குறைவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றித் தன் கட்டுரையை 1918இல் முன்வைத்தார், பழைய லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது, தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாட்டுடன் வந்தது. ஊர் ஓடை ஒன்றில் விநாடிக்கு 100 லீற்றர் (0.1 கன மீற்றர்) ஓடி 40 மீற்றர் விழுந்தால் 9.81 × 0.1 × 40 = 39 கிலோவாட், 70 சதவீத வினைத்திறனில் 27. இந்தக் கணக்கை உங்கள் ஊர் அருவிக்குப் போட்டுப் பாருங்கள். அலகுகள் மனதில் நிற்கும்.

ஆய்வுகூடமும் கணினியும்

செய்முறைத்தாளை முதல்நாளே வாசித்து, எதிர்பார்க்கும் பெறுமானங்களைக் கணக்கிட்டு அட்டவணையில் ஒரு நிரலாக எழுதிக்கொண்டு போங்கள். அளந்தது எதிர்பார்த்ததிலிருந்து வெகுவாக விலகினால் சுற்றைக் கலைக்குமுன்பே தெரிந்துவிடும். விடுதிக்கு வந்தபின் தெரிந்து பயனில்லை.

பல்மானியில் மின்னோட்டம் அளந்த பிறகு சிவப்பு வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். அம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அழுத்தம் அளக்கப் போனால் குறுஞ்சுற்று, பியூஸ் போகும். அதற்குப் பிறகு வருகிற குழு எல்லா மின்னோட்டமும் பூச்சியம் என்று எழுதிக்கொண்டிருக்கும். மின் ஓடும் சுற்றில் தடையை அளக்க வேண்டாம். சுற்றில் செருகியபடி அளந்தால் சமாந்தரமாக உள்ள மற்றவையும் சேர்ந்தே வரும், ஒரு காலையாவது கழற்றுங்கள். பிரெட்போர்டின் ஓரப் பட்டைகள் பலவற்றில் நடுவில் அறுந்திருக்கும். ஒரு பாதிக்கு மின் வந்து மறுபாதிக்கு வராவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

அழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் ஒஸிலஸ்கோப்பின் கறுப்புக் கிளிப் பிளக்கின் புவி வயரோடு உள்ளே இணைந்திருக்கும், இரு சனல்களின் கிளிப்பும் ஒன்றோடொன்று இணைந்தவை. அதைத் தரை அல்லாத கணு ஒன்றில் மாட்டினால் அந்தக் கணு புவியோடு குறுஞ்சுற்றாகலாம். நடுவிலுள்ள தடையிக்குக் குறுக்கே பார்க்க வேண்டுமானால் இரு சனல்களாலும் இரு முனைகளையும் தரையிலிருந்து அளந்து கழியுங்கள். புரோபில் (அளக்கும் முனையில்) பத்து மடங்கு ஆளி எந்தப் பக்கம் என்றும், திரையில் அதே அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா அளவும் பத்தில் ஒன்றாக வந்தால் காரணம் அதுவே.

சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருள் இலவசம், சுமாரான மடிக்கணினியிலும் ஓடும். தரைக்குறி போடாமல் ஓடாது. ஒரு மெகாஓம் என்பதற்கு எண்ணுக்குப் பின்னால் பெரிய எம் எழுத்து போட்டால் அது மில்லியாகவே எடுத்துக்கொள்ளும், மெக் என்ற மூன்றெழுத்தும் தட்ட வேண்டும். கையால் தீர்த்த பிறகே இதைத் திறங்கள். முதலிலேயே திறந்தால் அது இன்னொரு புள்ளியிடும் திட்டம் ஆகிவிடும்.

வாரக் கணக்கு, பரீட்சை

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடநெறிக்கு 150, பதினைந்து வாரத்தில் வாரத்துக்குப் பத்து. விரிவுரையும் செய்முறையும் நான்கைந்தை எடுத்தால் மிச்சம் உங்களுடையது. அதில் ஒரு மணித்தியாலம் அதே நாள் குறிப்பைப் படிக்க, மீதி முழுவதும் கணக்குப் போட. பயிற்சித்தாளை நண்பர் போட்டதைப் பார்த்து எழுதினால் வலுச் சமன் பார்க்கும் பழக்கம் வராது. நண்பரோடு உட்கார்வதானால் இருவரும் தனித்தனியே போட்டு, ஒருவர் கணுமுறையிலும் மற்றவர் தடமுறையிலும், விடையை மட்டும் ஒப்பிடுங்கள். செய்முறைக்கும் விரிவுரைக்கும் வரவு பார்ப்பார்கள், பல இடங்களில் 80 சதவீதம். தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ ஊருக்கு வருகிற வாரத்தில் செய்முறை விழுந்தால், முன்கூட்டியே வேறு குழுவோடு செய்ய அனுமதி கேளுங்கள். பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

பரீட்சையில் முதல் பத்து நிமிடம் எழுதாமல் எல்லா வினாவையும் வாசித்து, சுற்று தெளிவாக உள்ளதை முதலில் எடுங்கள். சுற்றை விடைத்தாளில் மறுபடி வரைந்து, கணுக்களுக்குப் பெயரும் மின்னோட்டங்களுக்கு அம்பும் போடுங்கள். எண் பிழைத்தாலும் முறைக்குப் புள்ளி கிடைப்பது இதனால்தான். வலு சமப்படவில்லை, திருத்த நேரமும் இல்லை என்றால், சமப்படவில்லை என்பதையும் பிழை இருக்கக்கூடிய வரியையும் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.

பேராதனையில் முதலாம் ஆண்டுப் பெறுபேற்றையும் உங்கள் விருப்பப் பட்டியலையும் வைத்தே துறை ஒதுக்கப்படுகிறது. மின் மற்றும் இலத்திரனியல் துறையைக் கேட்க நினைப்பவர் இந்த ஒரு பாடத்தில் மட்டும் உயர்ந்த தரம் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட முடியாது, எல்லாப் பாடமும் சராசரியில் சேரும். பாடம் தவறினால் மீண்டும் எழுதலாம், ஆனால் மீள் பரீட்சைக்குப் பொதுவாகத் தரத்தில் உச்ச வரம்பு உண்டு, எத்தனை புள்ளி எடுத்தாலும் அதற்கு மேல் போகாது. ஆகவே இடைப்பரீட்சையில் சறுக்கினால் அந்த வாரமே பயிற்சி ஆசிரியரைச் சந்தித்து, உங்கள் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எந்த வரியில் குறி மாறியது என்று உட்கார்ந்து பாருங்கள்.